பல கருவிகள், ஒரே கடிகாரம்

கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சிக் காலத்தில், சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி முழங்குவது வழக்கம். ஊராருக்கு அது பொழுதறிவிக்கும் ஓசை. நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சிக் கூடத்தின் தலைவராயிருந்த ஜான் கோல்டிங்ஹாம் என்பவருக்கோ அஃது ஓர் ஆராய்ச்சிக்கு வாய்த்த கருவியாயிற்று. 1820ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அவர் ஓர் அளவையைத் தொடங்கினார். பீரங்கியின் தீச்சுடர் கண்ணுக்குத் தெரிந்த கணத்திற்கும், அதன் முழக்கம் காதில் விழுந்த கணத்திற்கும் இடையே எத்தனை வினாடி கழிகின்றன என்று எண்ணிக் குறிப்பதே அது. கோட்டை இரண்டரை மைலுக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு. பரங்கிமலை ஐந்தரை மைலுக்கும் மேல். முன்னதன் ஓசை வந்து சேர ஏறத்தாழ 12 வினாடியும், பின்னதன் ஓசை வந்து சேர ஏறத்தாழ 26 வினாடியும் ஆயின. வெயில் மிகுந்த மாதங்களில் ஓசை விரைந்து வருவதையும், குளிர்ந்த மாதங்களில் சற்றே தாமதிப்பதையும் கண்டு, 1823இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் அவர் தம் முடிபுகளை வெளியிட்டார்.

இவ்வாராய்ச்சியில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. ஒளியைக் கண்டதும் ஒலியைக் கேட்டதும் ஒரே இடத்தில். இரண்டையும் அளந்த கடிகாரமும் ஒன்றே. அக்கடிகாரம் உண்மை நேரத்திற்கு ஐந்து நிமிஷம் முந்தியிருந்தால்கூட விடை கெட்டுவிடாது. ஆனால் ஒருவர் கோட்டையில் நின்று வெடித்த நேரத்தைத் தம் கடிகாரத்தில் குறித்தும், மற்றொருவர் நுங்கம்பாக்கத்தில் நின்று ஓசை வந்த நேரத்தைத் தம் கடிகாரத்தில் குறித்தும், பின்னர் இருவரும் கூடிக் கணக்கிட்டும் இருப்பார்களாயின் என்ன நேர்ந்திருக்கும்? இரு கடிகாரங்களும் இரண்டே வினாடி முரண்பட்டிருந்தால் போதும். விடையில் ஆறில் ஒரு பங்கு பிழை புகுந்துவிடும். இருவரும் கண்ணுங் கருத்துமாக வேலை செய்தவர்களே எனினும், அவர்கள் குறிப்புகள் சேர்ந்து சாட்சி சொல்ல மாட்டா.

வெவ்வேறு இடங்களிலுள்ள கருவிகளை ஒரே கடிகாரத்திற்கு உட்படுத்தும் இவ்வேலை, விஞ்ஞான வரலாறுகளில் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. நம் நாட்டில் அது நடந்தேறிய விதத்தை இங்கே சற்று விரித்துக் கூற விரும்புகிறோம். தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இக்கதையில் தனி உரிமையே உண்டு எனலாம். இந்தியா முழுவதற்கும் பொதுவாயிருந்த முதற் கடிகாரம் சென்னையில் இருந்தது; அதனை எதிர்த்துப் பெரும் பூசல் எழுந்தது பம்பாயில்; இன்றைய தலைமைக் கடிகாரங்கள் இருப்பது டில்லியில்.

1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் சிறியதொரு வானாராய்ச்சிக் கூடம் அமைத்தார். பின்னர்க் கம்பெனியார் அதனை ஏற்று, மைக்கேல் டாப்பிங் என்பவரைக் கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பினர். வணிகம் செய்ய வந்த கம்பெனிக்கு விண்மீன்களிடம் என்ன வேலை என்று வியப்படைய வேண்டுவதில்லை. கடற்கரையின் இருப்பிடம் சரியாகத் தெரியாமற் போனால் கப்பல் தரை தட்டும். கிழக்கு மேற்காக ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்னும் கேள்வியோ, உண்மையில் நேரத்தைப் பற்றிய கேள்வியே. பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது; ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிஷம். சென்னை இருக்கும் அட்சத்தில், நேரத்தில் ஒரு வினாடி தவறினால் நிலத்தில் ஏறத்தாழ 450 மீட்டர் தவறும். 1802இல் கோல்டிங்ஹாம் வகுத்த கணக்கின்படி, சென்னை நேரம் கிரீனிச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிஷம் 14 வினாடி முந்தியது.

அக்கூடத்தில் கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய 18 அடி உயரக் கருங்கற்றூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். ஆங்கிலேயரின் தயாளத்தால் ஆசியாவில் கணித சாஸ்திரம் முதன்முதல் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறிய வேண்டும் என்பது அதன் கருத்து. ஆரியபட்டரும் பாஸ்கரரும் தோன்றிய நாட்டில் இதனை எழுதுவதற்கு ஒருவகைத் துணிவு வேண்டும். எனினும் தூண் நல்ல தூண். அதன் மேல் நின்ற கருவி அசையவில்லை.

ஒரு வானாராய்ச்சிக் கூடத்தின் கடிகாரம் ஒரு நாட்டின் கடிகாரமாக மாறியது தந்தியாலும் ரயிலாலும். 1853இல் பம்பாயிலும், 1854இல் கல்கத்தாவை அடுத்த ஹௌராவிலும், 1856இல் சென்னை இராயபுரத்திலும் ரயில் ஓடத் தொடங்கிற்று. 1855இல் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதுவரை ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் வேளையையே நண்பகலாகக் கொண்டிருந்தது. அதனால் ஒருவருக்கும் ஒரு கேடும் இல்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் வரத் தலைப்பட்டபோதுதான், இரு நிலைய அதிகாரிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டியது உயிர்ப் பிரச்சினையாயிற்று. சென்னையில் வானாராய்ச்சிக் கூடம் இருந்தது. மேலும் சென்னை நேரம் பம்பாய் நேரத்திற்கும் கல்கத்தா நேரத்திற்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்திருந்தது. ஆகவே 1870ஐ ஒட்டிச் சென்னை நேரமே நாடு முழுவதும் ரயில் நேரமாயிற்று. சென்னையிலிருந்து நாள்தோறும் தந்தி வழியே காலக்குறி சென்றது. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்த கடிகாரங்களும் அதற்கேற்பத் திருத்தப்பட்டன.

அக்காலத்தில் சென்னைக் கூடத்தின் தலைவர் நார்மன் போக்சன். அவருக்கு உதவியாக நெடுங்காலம் விண்மீன்களை நோக்கிக் குறித்துவந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த பெருமை அவருடையது. 1872இல் லண்டன் ராயல் வானவியல் சங்கத்தின் உறுப்பினராகவும் ஆனார். 1874இல் சுக்கிரன் சூரியனைக் குறுக்கே கடந்தபோது, அந்நிகழ்ச்சியை விளக்கித் தமிழ் முதலிய நம் நாட்டு மொழிகளில் அவர் சிறு நூல் வெளியிட்டார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அதனை நினைத்துச் சற்றுப் பொறாமைப்படுவதுண்டு. நம்முடைய ‘வினாடி’ பழைய கணக்கில் நாழிகையின் அறுபதில் ஒரு கூறு, அதாவது இன்றைய 24 வினாடி. அதே சொல்லை நிமிஷத்தின் அறுபதில் ஒரு கூற்றுக்கு நாம் வழங்கிவிட்டோம். கால அளவைகளே சொல்லுக்குள் இப்படி மாறி நிற்கும்போது, வான சாஸ்திரத்தைப் பாமரரும் அறியத் தமிழில் சொல்வது எளிய வேலையன்று.

தந்தியால் மற்றொரு பெரும் பயனும் விளைந்தது. இந்திய நில அளவைத் துறையினர் 1870களில் அதனைக் கொண்டு ஊர்களுக்கிடையே உள்ள தீர்க்கரேகை வேற்றுமையை அளக்கத் தொடங்கினர். தந்தி வழித் தீர்க்கரேகை அளவையின் முறையை நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும். இன்றைய மிக நுட்பமான ஏற்பாடுகளுக்கெல்லாம் வித்து இதில் அடங்கியிருக்கிறது.

ஓர் உருளையின் மேல் தாள் சுற்றப்பட்டிருக்கும். உருளை ஒரே சீராகச் சுழலும். பேனா தாளின் மேல் கோடு இழுத்துக்கொண்டே போகும். கடிகாரம் ஒவ்வொரு வினாடிக்கும் மின்சாரத்தால் பேனாவைச் சிறிது அசைக்க, கோட்டில் பல் பல்லாகக் குறி விழும். தொலைநோக்கியில் கண் வைத்திருப்பவர், விண்மீன் நடுக்கம்பியைக் கடக்கும் கணத்தில் ஒரு விசையைத் தட்டுவார். அதே தாளில் மற்றொரு குறி விழும். கடிகாரத்தின் குறிக்கும் கையின் குறிக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்தால், வினாடியின் சிறு பின்னமும் கிடைத்துவிடும். காதால் கடிகாரத்தை எண்ணிக்கொண்டே கண்ணால் விண்மீனைப் பார்த்த பழைய முறைக்கு இது பெரிய முன்னேற்றம்.

இப்போது இரண்டு ஊர்களில் இத்தகைய உருளைகள் இருப்பதாகக் கொள்வோம். நடுவே தந்திக் கம்பி. கிழக்கூரார் தம் விண்மீனைக் கண்டு தட்டுகிறார். குறி அவருடைய தாளிலும் விழுகிறது, கம்பி வழியே ஓடி மேற்கூராரின் தாளிலும் விழுகிறது. சிறிது நேரத்திற்குப் பின் அதே விண்மீன் மேற்கூரின் உச்சிக் கோட்டைக் கடக்கிறது. அவர் தட்ட, அதுவும் இரு தாள்களிலும் விழுகிறது. இரண்டு தட்டுகளுக்கும் இடையே உள்ள நேரமே தீர்க்கரேகை வேற்றுமை.

ஆயினும் ஒரு சிக்கல். கம்பியில் செய்தி செல்லச் சிறிது நேரம் பிடிக்கிறது. கிழக்கூர்த் தாளில், தொலைவிலிருந்து வரும் இரண்டாவது தட்டு தாமதித்து விழுவதால் வேற்றுமை சற்று மிகும். மேற்கூர்த் தாளில், தொலைவிலிருந்து வரும் முதல் தட்டு தாமதிப்பதால் வேற்றுமை அதே அளவு குறையும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் தாமதம் தானே கழிந்துபோகிறது. அதுமட்டுமன்று, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாதியாக்கினால், தாமதம் எவ்வளவு என்பதே தெரிந்துவிடுகிறது! கம்பியைத் தொடாமல், அதன் வழியே போய்வரும் குறிகளைக் கொண்டே அதன் குற்றத்தை அளந்துவிட்டனர். இதைவிட அழகானதொரு கணக்கை நாம் அதிகம் கண்டதில்லை.

மனிதரின் குற்றம் அவ்வளவு எளிதில் தீரவில்லை. விசையைத் தட்டுவதில் ஒருவருக்குக் கை முந்தும், மற்றொருவருக்குப் பிந்தும். பயிற்சியால் அது முற்றிலும் நீங்குவதில்லை. ஆனால் ஒரு நல்ல காலமாக, அவரவர் குறை பெரும்பாலும் ஒரே அளவாக நிற்கும். ஆகவே பாதி வேலை முடிந்ததும் இருவரும் ஊர் மாறிக்கொள்வர். மிகுதியும் குறைவும் சமனாகிவிடும். குறையை ஒளிக்காமல் அதன் அளவைப் பதிவு செய்து கழிப்பதென்னும் இவ்வழக்கம் அலுவலகங்களிலும் புகுந்திருக்கலாகாதா என்று நாம் ஏங்குவதுண்டு.

கருவிகள் இவ்வாறு ஒரே நேரத்திற்கு எளிதில் வசப்பட்டன. மக்கள் வசப்படவில்லை. பம்பாயின் ஊர் நேரம் சென்னை நேரத்திற்கு ஏறத்தாழ 30 நிமிஷம் பின்னால். ரயில் நிலையத்தில் ஒரு நேரமும் கடைத்தெருவில் மற்றொரு நேரமும் இருப்பது தொல்லை என்று கருதிய அம்மாகாணக் கவர்னர் ஜேம்ஸ் பெர்குசன், 1881இல் சென்னை நேரத்தை அரசாங்க அலுவல்களுக்கு விதித்தார். எதிர்ப்பு வலுத்தது, 1883இல் அது கைவிடப்பட்டது. பின்னர் 1906 ஜனவரி முதல் நாளன்று, மிர்ஜாப்பூருக்கு அருகே செல்லும் எண்பத்திரண்டரைப் பாகைக் கோட்டை ஆதாரமாகக் கொண்டு, கிரீனிச்சிற்கு ஐந்தரை மணி முந்திய இந்திய நேரம் வகுக்கப்பட்டது. சென்னைக்கு அதனால் 9 நிமிஷமே மாறுதல். ஊரார் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பம்பாய்க்கோ 39 நிமிஷம். அம்மாதம் அந்நகரின் பஞ்சாலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வெளியேறினர். ஆலைகள் மீது கற்கள் விழுந்தன.

இதனை அறியாமையின் கூச்சல் என்று தள்ளிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. ஆலைச் சங்கு 39 நிமிஷம் முன்னதாக ஊதினால், இருள் பிரியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி ஓட வேண்டியவர்கள் அவர்களே. கடிகாரத்தை மாற்றிய அதிகாரிக்கு உறக்கம் குறையவில்லை. தவிர, யாரையும் கலந்துகொள்ளாமல் ஓர் அயல் அரசாங்கம் நண்பகலையே தள்ளி வைத்துவிட்டது என்ற மனக்கசப்பு, வங்கப் பிரிவினையால் நாடே கொதித்துக்கொண்டிருந்த அக்காலத்தில் எளிதில் தீயாயிற்று. கல்கத்தா தன் ஊர் நேரத்தை 1948 வரை கைவிடவில்லை. இந்திய நேரத்திற்கும் அதற்கும் உள்ள வேற்றுமை, நம் பழைய கணக்கில் ஏறத்தாழச் சரியாக ஒரு நாழிகை. பம்பாய் 1955 வரை தாக்குப் பிடித்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் இந்திய நேரத்திற்கு ஒரு மணி முந்திய ‘தோட்ட நேரம்’ வழங்குவதை அங்கு வாழும் நேயர்கள் அறிவார்கள்.

பல நேரங்களால் விளைந்த இழப்பும் சிறிதன்று. 1897 ஜூன் 12ஆம் தேதி மாலை அஸ்ஸாமை உலுக்கிய பெரும் பூகம்பத்தை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் துறையின் ரிச்சர்டு ஓல்டாம். அதிர்ச்சி எந்த ஊரை எப்போது அடைந்தது என்று தெரிந்தாலன்றி அதன் வேகத்தைக் கணக்கிட இயலாது. ஒவ்வொரு குறிப்பையும் அது எந்த நேரத்தில் எழுதப்பட்டது, ரயில் நேரமா, கல்கத்தா நேரமா, ஊர் நேரமா, அக்கடிகாரம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று விசாரித்தே ஏற்க வேண்டியிருந்தது. பூமியின் ஒரு புறத்தில் எழும் அதிர்ச்சியின் முதல் அலை, பூமிக்குள்ளேயே ஊடுருவி நேர் எதிர்ப்புறம் போய்ச் சேர 20 நிமிஷமே ஆகும். சென்னை நேரத்திற்கும் கல்கத்தா நேரத்திற்கும் உள்ள வேற்றுமையோ 32 நிமிஷம்! ஐரோப்பாவில், திருத்தமான கடிகாரங்களோடு இயங்கிய அதிர்வுக் கருவிகளின் பதிவுகள் கைகொடுத்தன. அவற்றை ஒப்பிட்டு, பூகம்ப அலைகள் மூன்று வகையாகப் பிரிந்து வருவதை ஓல்டாம் காட்டினார். 1906இல், இந்தியா ஒரே நேரத்தை ஏற்ற அதே ஆண்டில், அலைகள் வந்து சேரும் நேரத்தைக் கொண்டே பூமிக்கு நடுவே வேறுபட்ட கருவொன்று உண்டென்று அவர் நிறுவினார். எவரும் தோண்டிப் பார்க்க முடியாத ஆழத்தை, பல நாட்டுக் கடிகாரங்கள் ஒத்துப் பேசியதால் மனிதன் அறிந்துகொண்டான்.

தந்திக் கம்பி போகாத இடத்திற்கும் காலக்குறியைக் கொண்டு சென்றது வானொலி. டில்லியில் 1950இல் திறக்கப்பெற்ற தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர், திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், ராமனோடு சேர்ந்து ஆராய்ந்தவர். அவர் இயக்குநராயிருந்த காலத்தில், 1959இல், அக்கூடம் சிற்றலை வழியே காலக்குறியும் அதிர்வெண்ணும் ஒலிபரப்பத் தொடங்கிற்று. மலையுச்சியில் இருக்கும் அளவைக்காரரும் ஒரு சிறு பெட்டியைத் திருகி டில்லிக் கடிகாரத்தைக் கேட்கலாயிற்று. இதற்கிடையே, 1955இல் இங்கிலாந்தில் எஸ்ஸன், பாரி என்ற இருவர் சீசிய அணுவின் அதிர்வைக் கொண்டு நம்பத்தகுந்த அணுக்கடிகாரம் அமைத்தனர். 1967இல் வினாடியின் இலக்கணமே மாறியது: சீசிய அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் ஒரு வினாடி. விண்மீனை நோக்கி நின்ற தூண்களுக்கு அத்துடன் ஓய்வு.

ஒரே கடிகாரம் என்பதில் உண்மையில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. நம் கச்சேரி மேடையை நினைத்தால் அது விளங்கும். எல்லா வாத்தியங்களும் தம்புராவின் சுருதியில் சேர்ந்திருக்க வேண்டும், அது ஒன்று. எல்லோரும் ஒரே தாளத்தில் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும், அது மற்றொன்று. சுருதி சேர்ந்தும் எடுப்பு தவறினால் பாட்டில்லை. கருவிகளுக்கும் அப்படியே. எல்லாம் ஒரே அதிர்வெண்ணில் துடிக்க வேண்டும். எண்ணத் தொடங்கும் கணமும் ஒன்றாயிருக்க வேண்டும்.

புனேக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் கோடாட் என்னும் சிற்றூர் இருக்கிறது. முன்னர், 1970இல், உதகமண்டலத்து மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கியை எழுப்பிய கோவிந்த ஸ்வரூப் என்ற அறிஞர், 1990களில் கோடாட்டைச் சுற்றி 45 மீட்டர் அகலமுள்ள 30 வானலைக் கிண்ணங்களை நிறுவச் செய்தார். 14 கிண்ணங்கள் நடுவே நெருங்கியும், 16 மூன்று கிளைகளாகப் பரந்தும் நிற்கின்றன. கோடிக்குக் கோடி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். முப்பதும் ஒரே கண்ணாக வேலை செய்ய வேண்டுமானால், அவற்றின் அலைகளை நூறு கோடியில் ஒரு பங்கு வினாடிக் கணக்கில் பொருத்தியாக வேண்டும். அந்தச் சிறு பொழுதில் ஒளியே ஒரு முழத்திற்கும் குறைவாகத்தான் செல்லும். நடு நிலையத்திலிருந்து ஒரே ‘சுருதி’ கண்ணாடியிழை வழியே ஒவ்வொரு கிண்ணத்திற்கும் செல்கிறது. வெயிலில் இழையின் நீளம் சிறிது மாறினாலும் பொருத்தம் கெடும். ஆகவே குறியைப் போகவிட்டுத் திரும்ப வரவழைத்து, போய்வந்த காலத்தை அளந்து சரிக்கட்டும் முறை இத்தகைய ஏற்பாடுகளில் கையாளப்படுகிறது. தந்திக் காலத்துக் கணக்கேதான். தாள் உருளை மட்டும் இல்லை.

விண்ணை ஆராய்பவருக்கு மட்டும் உரியது என்று இதனை எண்ணிவிடலாகாது. நம் வீட்டு விளக்கு இதனால் பிழைத்திருக்கிறது. மின்சாரம் நம் நாட்டில் வினாடிக்கு 50 சுற்றாக அலைகிறது. ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் 20 பங்கு வினாடி. ஒரே வலையில் இணைந்த இரண்டு ஊர்களின் அலைகளுக்கிடையே எவ்வளவு கோண வேற்றுமை இருக்கிறது என்பதே அவ்வலை எவ்வளவு இழுபறியில் நிற்கிறது என்பதற்கு அறிகுறி. வேற்றுமை மிதமிஞ்சினால் வலை அறுந்துவிடும். ஆனால் ஒரு கோணத்தை ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் அளப்பது எப்படி? இரு ஊர்க் கடிகாரங்களும் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி முரண்பட்டால், கணக்கில் 18 பாகை பிழை வந்துவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்குள் ஒத்தால் பிழை ஒரு பாகையில் ஐம்பதில் ஒரு கூற்றுக்கும் குறைவு. செயற்கைக் கோள்கள் அணுக்கடிகாரத்தின் நேரத்தை உலகெங்கும் பொழியத் தொடங்கிய பின்னரே இது கைகூடிற்று. கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற அருண் பாட்கே என்ற நம் நாட்டவர், ஜேம்ஸ் தார்ப் என்பவருடன் சேர்ந்து 1988இல் வர்ஜீனியாவில் இத்தகைய கோண அளவியை முதன்முதல் உருவாக்கினார்.

2003 ஆகஸ்டு 14ஆம் தேதி அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒரு பகுதியிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இருளில் ஆழ்ந்தனர். எந்தக் கம்பி முதலில் அறுபட்டது, எது அதன் விளைவு என்று தெரிந்தாலன்றி நோயை அறிய முடியாது. பதிவுகளுக்குக் குறைவில்லை; ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் பல பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் நாட்டின் பொது நேரத்தோடு ஒத்திருக்கவில்லை. விளைவு காரணத்திற்கு முன்னால் நடந்ததாகக்கூடச் சில பதிவுகள் காட்டக்கூடும்! ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு ஒட்டிப் பார்த்து வரிசைப்படுத்துவதே விசாரணையாளருக்குப் பெரும் பாடாயிற்று. பதிவுக் கருவிகள் அனைத்தையும் பொதுக் கடிகாரத்தோடு இணைக்க வேண்டுமென்று அவர்கள் வற்புறுத்தினர்.

நம் நாட்டில் அந்த நாள் 2012 ஜூலையில் வந்தது. 30ஆம் தேதி பின்னிரவு 2 மணி 33 நிமிஷத்திற்கு வட மண்டல வலை வீழ்ந்தது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து வீழ்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. டில்லியில் சுரங்க ரயில்கள் நின்றன. அவ்வேளையில் தமிழகத்தில் வலை விழவில்லை. ஏனெனில் தென் மண்டலம் அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைந்திருக்கவில்லை. ஊரிலிருந்து தொலைபேசியில் நலம் விசாரித்தவர்கள் விசிறிக்கடியில் அமர்ந்து பேசினார்கள் என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வட மண்டலத்தில் 2010 முதல் வைக்கப்பட்டிருந்த ஒரு சில கோண அளவிகள் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன; அவற்றை நாடெங்கும் பரப்ப வேண்டுமென்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது. 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தொடர் வழியே தென்னாடும் மற்றப் பகுதிகளோடு ஒரே தாளத்தில் சேர்ந்தது. அன்று முதல் நெய்வேலியின் மின்னாக்கிகளும் சிங்க்ரௌலியின் மின்னாக்கிகளும் ஒரே அலையில் துடிக்கின்றன. இன்ப துன்பமும் பங்கு.

கடிகாரத்தைப் பிறரிடம் இரவல் வாங்குவதிலுள்ள அச்சத்தையும் நம் நாடு உணர்ந்திருக்கிறது. 2013இல் ஏவப்பெற்ற நம் முதல் வழிகாட்டிக் கோளில் இருந்தவை வெளிநாட்டு ரூபிடிய அணுக்கடிகாரங்கள்; மூன்றும் சில ஆண்டுகளுக்குள் நின்றுபோயின. பின்னர் உள்நாட்டிலேயே அத்தகைய கடிகாரங்கள் செய்யும் முயற்சி விரைவுபெற்றது. வங்கி, மின்சாரம், தொலைபேசி ஆகிய அனைத்தும் டில்லி ஆய்வுக்கூடத்தோடு இணைந்த இந்திய நேரத்தையே பயன்படுத்த வேண்டுமென்று வற்புறுத்தும் விதிகளின் முன்வரைவை மத்திய அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. 1881இல் கவர்னர் பெர்குசன் செய்யாத ஒன்றை இம்முறை செய்தார்கள்: பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்கள்.

வீட்டில் கடிகாரத்தைச் சரிசெய்ய விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வானொலிப் பெட்டியையும், கைபேசியில் இணையம் வழியே வரும் அதே நிலையத்தின் ஒலிபரப்பையும் அருகருகே வைத்துச் செய்தி கேட்டுப் பாருங்கள். அறிவிப்பாளரின் குரல் பெட்டியில் முதலிலும் கைபேசியில் சில வினாடிகள் கழித்தும் வரும். கோல்டிங்ஹாமின் பீரங்கியைப் போல் இத்தாமதம் தொலைவால் நேர்வதன்று. நடுவழியில் செய்தி பல இடங்களில் தேக்கி வைத்து அனுப்பப்படுவதால் நேர்வது. அது எவ்வளவு என்பதும் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும். கேட்பவரிடமிருந்து நிலையத்திற்குத் திரும்பிப் போகும் தட்டு இல்லையாதலின், தந்திக்காரரைப் போல் அதனை அளந்து கழிக்கவும் வழியில்லை. ஆகவே நேரம் வைப்பதற்குப் பெட்டியின் குரலையே கேளுங்கள்.